சேற்றில் ஜீப், கயிற்றில் சாக்கு

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாதை. ஆடி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் போன ஜீப் ஓடையைத் தாண்டி ஏறும்போது சறுக்கி, மட்கார்டு வரை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். பதற்றமே இல்லை. பம்பரில் இருந்த வின்ச்சிலிருந்து இரும்புக் கயிற்றை உருவிக்கொண்டு போய், எட்டு மீட்டர் தள்ளி நின்ற ஒரு சில்வர் ஓக் மரத்தில் மாட்டினார். திரும்பி வந்தவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை எடுத்தார். ஓடையில் நன்றாக முக்கி, சொட்டச் சொட்டக் கயிற்றின் நடுவில் தொங்கவிட்டார்.

“எதுக்குங்கண்ணா சாக்கு?”

“அறுந்தா நம்ம மேல வரக்கூடாதுங்கல்ல. நீங்க மொதல்ல அந்தப் பாறைக்கு அப்பால போயிருங்க சார்.”

மலைப்பாதைகளில் நீங்களும் பார்த்திருக்கலாம். சாக்கு இல்லாவிட்டால் பழைய போர்வை, அதுவும் இல்லாவிட்டால் டிரைவரின் சட்டை. இரண்டு டன் வண்டியை அசைக்கிற இடத்தில், ஐந்து கிலோ ஈரச் சாக்குக்கு என்ன வேலை?

அன்று அவர் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அவர் அதைக் கணக்காகக் கற்றவர் அல்லர், கைப்பழக்கம்தான். நாம் கணக்கு வழியாகப் போவோம்.

பழனி வின்ச்சும் பம்பர் வின்ச்சும்

வின்ச் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் பலரும் முதலில் கேட்பது பழனியில்தான். மலைமேல் ஒரு மோட்டார், அது சுற்றும் உருளை, அந்த உருளை இழுக்கும் கயிறு, கயிற்றின் முனையில் நாம் உட்கார்ந்திருக்கும் பெட்டி. ஜீப்பின் பம்பரில் இருப்பதும் அதே சாதனத்தின் குட்டிதான். வேகமாகச் சுற்றும் மோட்டாரைப் பற்சக்கரங்கள் மெதுவாக்கி, வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகின்றன. கயிறு சுற்றிக்கொள்ளும் உருளையை மெக்கானிக்குகள் ‘டிரம்’ என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. பழனியில் எவ்வளவு எடை, எவ்வளவு சரிவு, கயிறு எவ்வளவு தாங்கும் என்று பொறியாளர்கள் முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். சேற்றில் அந்தக் கணக்கை நனைந்துகொண்டே டிரைவர் போட வேண்டும்.

இரும்பும் நீளும்

ரப்பர் பேண்டை இழுத்தால் நீளும், விட்டால் சுள்ளென்று கையில் அடிக்கும். இரும்புக் கயிறு அப்படி நீளாது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. அது நம் கையால் நீளாது, அவ்வளவுதான். நான்கு டன் கொடுத்து இழுத்தால் இரும்பும் நீளும்.

எட்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கயிறு, 25 மீட்டர் நீளம், நான்கு டன் இழுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு சுமார் 36 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கயிறு கம்பி போல விறைத்து அசையாமல் நிற்கும். ஆனால் அந்த ஒரு முழத்துக்கும் குறைவான நீட்சிக்குள் சுமார் 7,000 ஜூல் ஆற்றல் அடைபட்டிருக்கிறது. நீண்ட பொருள் பழைய அளவுக்குத் திரும்பத் துடிப்பதால் சேரும் இந்த ஆற்றலை ‘மீட்சி ஆற்றல்’ என்போம்.

ஏழாயிரம் ஜூல் என்றால் எவ்வளவு? மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தில் இருப்பது ஏறத்தாழ 120 ஜூல். அப்படிப்பட்ட பந்துகள் அறுபது சேர்ந்து ஒரே நொடியில் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது எழுபது கிலோ மனிதர் ஒருவர் மூன்றாவது மாடியிலிருந்து விழுவதாக.

இயந்திரமே இல்லாமலும் இது நடக்கும். 1997 அக்டோபரில் தைவானின் தலைநகர் தைபேயில் ஒரு விழா. சுமார் 1,600 பேர் கூடிக் கயிறு இழுக்கும் போட்டி நடத்தினார்கள். நைலான் வடம் நடுவில் அறுந்தது. திரும்பி வந்த வேகத்தில் இரண்டு பேரின் கை துண்டாகிப்போனது. மருத்துவர்கள் பிறகு பொருத்தினார்கள். மோட்டாரும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. மனிதக் கைகள் கொடுத்த ஆற்றலைக் கயிறு சேர்த்து வைத்திருந்து ஒரே தவணையில் திருப்பிக் கொடுத்தது.

வின்ச் போடும் இடத்தில் உறுமுகிற மோட்டாரைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். சத்தமில்லாமல் நிற்கும் கயிற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. சில பேர் அதைத் தாண்டிக்கூடப் போகிறார்கள்.

இப்போது சாக்கு

நமது 25 மீட்டர் கயிறு ஆறு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அடைபட்ட ஆற்றல் முழுவதும் அந்த ஆறு கிலோவை ஓட்டினால், கயிறு மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் திரும்பி வரும். ஆபத்தைக் கண்டு உடம்பு அசைய நமக்குக் கால் நொடியாவது வேண்டும். அதற்குள் கயிற்றின் முனை பத்து மீட்டர் கடந்துவிடும். ‘அறுந்தால் குனிந்துகொள்ளலாம்’ என்ற நினைப்புக்கு இடமே இல்லை.

சாக்கு ஆற்றலை அழிப்பதில்லை, பங்கு போடுகிறது. ஆறு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய ஆற்றல் இப்போது பதினொரு கிலோவை ஓட்ட வேண்டியிருக்கிறது. சாக்கின் அகலம் காற்றில் பாராசூட் போலத் தடுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் எடை கயிற்றைத் தரையை நோக்கி இழுத்துப் போடுகிறது. காய்ந்த சாக்கு லேசாக இருக்கும், அதனால்தான் அவர் ஓடையில் முக்கினார். கடைகளில் இதற்கென்றே பை விற்கிறார்கள். உள்ளே மண்ணோ கல்லோ போட்டுக்கொள்ள அறைகள் இருக்கும். வேலை அதேதான்.

கயிறு சுருங்கச் சுருங்கச் சாக்கு டிரம்மை நோக்கி நகரும். அப்போது இழுப்பதை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்திவிட்டுத்தான் அதை நகர்த்த வேண்டும். எங்கள் டிரைவர் இரண்டு முறை அப்படி நிறுத்தினார். பானெட்டையும் தூக்கி வைத்திருந்தார். கயிறு வந்தால் முதலில் தகரம் வாங்கட்டும், கண்ணாடியும் முகமும் பிறகு என்ற கணக்கு. சாக்கு இருக்கிறது என்பதற்காகக் கயிற்றின் நேரே யாராவது நின்றால், சாக்கு போட்டதே வீண்.

இரண்டு டன் வண்டிக்கு எத்தனை டன்?

முதல் முயற்சியில் வண்டி அசையவில்லை. மோட்டார் முனகியது, முகப்பு விளக்கு மங்கியது, அவ்வளவுதான். “நாலு டன் வின்ச்சுனு விக்கிறாங்க, ரெண்டு டன் வண்டி அசையலையே” என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரிப்போம்.

சேறு வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடுகளில் ஓர் எளிய விதி இருக்கிறது. சக்கரம் அளவுக்குப் புதைந்தால், பிடிப்பு வண்டியின் எடை அளவு. மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே, கேபின் வரை போய்விட்டால் மூன்று மடங்கு. நமது ஜீப்பும் சாமானும் இரண்டு டன், புதைந்தது மட்கார்டு வரை. ஆக நான்கு டன். போதாததற்கு ஏற்றம். நான்கு மீட்டர் ஏறினால் ஒரு மீட்டர் உயரும் சரிவு அது, எடையில் கால்வாசி அங்கே சேரும். அது அரை டன். மொத்தம் நான்கரை டன் வேண்டும்.

வின்ச்சின் மேல் எழுதியிருந்தது சுமார் 4,300 கிலோ. நூலிழையில் தோல்வி போலத் தோன்றுகிறது, இல்லையா? உண்மையில் அன்று அந்த வின்ச்சிடம் அதுகூட இல்லை. மூன்று டன்தான் இருந்தது.

காரணம் டிரம். கைப்பிடி போட்டுச் சுற்றும் கிணற்று உருளையை நினைத்துக்கொள்ளுங்கள்; உருளை பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிகக் கயிறு வரும், ஆனால் இழுக்க அதிகப் பலம் வேண்டும். டிரம்மில் கயிறு அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறது. மேல் அடுக்கிலிருந்து இழுத்தால், பெரிய உருளையால் இழுப்பது போல. விளம்பரத்தில் சொல்லும் 4,300 கிலோ, டிரம்மை ஒட்டிய முதல் அடுக்குக்கு மட்டும்தான். டிரம்மின் குறுக்களவு ஆறரை சென்டிமீட்டர் அளவு, கயிறு எட்டு மில்லிமீட்டர் என்றால், இரண்டாம் அடுக்கில் 3,500 கிலோ, மூன்றாம் அடுக்கில் 3,000 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, நான்காம் அடுக்கில் 2,600 கிலோ. மரம் எட்டு மீட்டரில் இருந்ததால் கயிறு கொஞ்சம்தான் வெளியே வந்திருந்தது. மீதி இருபது மீட்டர் டிரம்மிலேயே கிடந்தது. அவர் மூன்றாம் அடுக்கிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்.

வின்ச் வாங்குகிறவர்கள் இந்த அடுக்குக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் ஒற்றை எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

கப்பி வந்த பிறகு

அவர் சலித்துக்கொள்ளவில்லை. கயிற்றைக் கழற்றினார், மரத்தில் ஒரு கப்பியை மாட்டினார், கயிற்றை அதில் விட்டுத் திருப்பிக் கொண்டுவந்து ஜீப்பின் சேஸிஸில் இருந்த கொக்கியிலேயே மாட்டினார். பள்ளிக்கூடத்தில் படித்த அதே கப்பிதான். இப்போது வண்டியை இரண்டு கயிறுகள் இழுக்கின்றன.

லாபம் இரட்டிப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். சேற்றில் லாபம் அதைவிட அதிகம். போக எட்டு, வர எட்டு என்று 16 மீட்டர் கயிறு வெளியே வந்துவிட்டதால், டிரம்மில் மேலே இருந்த அடுக்குகள் உரிந்து இரண்டாம் அடுக்கு வந்துவிட்டது. மூன்று டன் வின்ச் மூன்றரை டன் வின்ச் ஆகிவிட்டது. கப்பியின் உராய்வுக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் இரண்டு கயிறும் சேர்ந்து ஆறரை டன் இழுக்கும். நமக்கு வேண்டியது நான்கரை. கயிற்றுக்கு வரும் பாரம் 2,400 கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது.

இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரிய இன்னொரு விவரம் வேண்டும். எட்டு மில்லிமீட்டர் இரும்புக் கயிறு புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 4,400 கிலோவில் அறுந்துவிடும். 4,300 கிலோ இழுக்கிற பொறிக்கு 4,400 கிலோ தாங்குகிற கயிறு! லிஃப்டின் கயிறுகள் தாங்க வேண்டிய பாரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் தாங்கும்படி போடப்படுகின்றன. வண்டி வின்ச்சில் அப்படிப்பட்ட தாராளம் கிடையாது. ஒரு இடத்தில் முறுக்கு விழுந்து மடங்கியிருந்தாலோ, துரு ஏறி நாலு இழை முறிந்திருந்தாலோ, இருந்த சொற்ப மிச்சமும் போயிற்று. கப்பி போட்டால் கயிறு பாதி பாரத்தில் நிற்கிறது, ஒவ்வொரு மீட்டரிலும் அடைபடும் மீட்சி ஆற்றல் நான்கில் ஒன்றாகிறது. இழுப்பது பாதி வேகத்தில்தான் நடக்கும். சேற்றில் யாருக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இல்லை.

மரத்துக்கு மட்டும் சலுகை இல்லை. இரண்டு கயிறும் சேர்ந்து இழுக்கும் நான்கரை டன் முழுவதும் மரத்தின் மேல்தான். அதனால் மரத்தைச் சுற்றிய நாடாப் பட்டையும் கப்பியை அதில் மாட்டிய ‘ஷேக்கிள்’ என்ற இரும்பு வளையமும் கயிற்றைவிடப் பலசாலியாக இருக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 19 மில்லிமீட்டர் ஷேக்கிள் 4.75 டன் வேலைக்கானது. நமது கணக்குக்கு அது மட்டுமட்டாகத்தான் வரும். அடுத்த அளவு 22 மில்லிமீட்டர், 6.5 டன். சேற்றுக்கு அடியில் ஒரு கல் சக்கரத்தைத் தடுத்தால் பாரம் சட்டென்று ஏறும் என்பதால் நான் பெரியதையே எடுப்பேன்.

கயிற்றை நேராக மரத்தில் சுற்றி, அதன் கொக்கியை அதே கயிற்றில் மாட்டுகிறவர்கள் உண்டு. கொக்கி கயிற்றை மடித்து இழைகளை நசுக்கும், கயிறு மரத்தின் பட்டையை அறுக்கும். அகலமான நாடாப் பட்டை இரண்டுக்கும் நல்லது. கப்பியின் இரு பக்கமும் கயிறு போகும்போது நடுவில் ஒரு ‘வி’ வடிவம் உண்டாகும். கப்பி கழன்றால் அது அந்த ‘வி’க்குள்தான் பாயும். அங்கே நிற்பது கவணின் வாரில் தலையை வைப்பதற்குச் சமம்.

பறக்கும் இரும்பு

கயிறு மட்டும் அறுந்தால் அது சாட்டை. முனையில் ஓர் இரும்புத் துண்டோடு வந்தால் அது பீரங்கிக் குண்டு. டிரெய்லர் மாட்டுவதற்காக வண்டியின் பின்னால் ஓர் இரும்புக் குமிழ் வைப்பார்கள். அதில் இழுபட்டையை மாட்டி இழுத்து, குமிழ் முறிந்து பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தக் குமிழ் சமதளத்தில் டிரெய்லரை இழுத்துப் போகச் செய்தது. புதைந்த வண்டியைப் பிடுங்க அல்ல. அலங்காரத்துக்கு வைத்த பம்பர் குழாயும், கப்பலில் ஏற்றும்போது வண்டியைக் கட்டக் கொடுத்த சிறு வளையமும் அப்படித்தான். சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கிய கொக்கி மட்டுமே இழுவைக்கு உரியது.

இன்னொரு குழப்பம், இழுபட்டை. ஓடுகிற வண்டி ஒன்று புதைந்த வண்டியை வெடுக்கென்று பிடுங்க நைலான் பட்டை விற்கிறார்கள். அது வேண்டுமென்றே ரப்பர் போல நீளும்படி செய்தது. வின்ச் கயிறு எட்டவில்லை என்று அதை இடையில் சேர்த்தால், மீட்சி ஆற்றலைக் குறைக்கப் பாடுபட்ட நாமே ஒரு பெரிய உண்டிவில்லைக் கட்டியவர்கள் ஆவோம்.

ஐந்து சுற்று

கயிறு எட்டாதபோது டிரம்மில் இருப்பதை எல்லாம் உருவிவிடத் தோன்றும். குறைந்தது ஐந்து சுற்றாவது விட்டு வைக்க வேண்டும் என்பது விதி. கயிற்றின் முனையை டிரம்மில் பிடித்திருப்பது ஒரு சிறிய திருகாணிதான். அது நான்கு டன்னை எப்படித் தாங்குகிறது?

மிரண்டு ஓடும் மாட்டைப் பிடிக்கிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரு கையால் நிற்பார். மாட்டைப் பிடித்திருப்பது அவர் கை அல்ல, உராய்வு. டிரம்மில் ஒவ்வொரு சுற்றும் பாரத்தை இரண்டரையில் ஒரு பங்காக்குகிறது என்று வைத்தால், 4,000 கிலோ ஒரு சுற்றில் 1,600, அடுத்ததில் 640, பிறகு 256, 102, ஐந்தாம் சுற்றில் 41. திருகாணிக்குப் போய்ச் சேருவது ஒரு சிமென்ட் மூட்டைக்கும் குறைவு. இரண்டே சுற்று விட்டால் 640 கிலோ, திருகாணி பிய்ந்துவிடும். வழுக்கும் பிளாஸ்டிக் கயிற்றுக்கு எட்டு முதல் பத்துச் சுற்று வேண்டும்.

விரலை எடுத்தும் நிற்காத மோட்டார்

முழுப் பாரத்தில் வின்ச் மோட்டார் பேட்டரியிலிருந்து 400 ஆம்பியருக்கும் மேல் உறிஞ்சும். கிட்டத்தட்ட 5,000 வாட். அதில் இழுக்கும் வேலையாக மாறுவது ஆயிரம் வாட் அளவுதான். மீதி, நான்கு இஸ்திரிப் பெட்டிகளின் சூடாக மோட்டாருக்குள் இறங்குகிறது. அதனால்தான் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் ஓய்வு.

பேட்டரி சோர்ந்தால் வேறொரு வம்பு. அவ்வளவு மின்சாரத்தை நம் கையிலிருக்கும் பொத்தான் தாங்காது. ‘சோலனாய்டு’ என்ற மின்காந்தச் சுவிட்சுதான் அதைத் திறந்து மூடுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் காந்தத்தின் பிடி தளரும், செப்புத் தகடுகள் துடிக்கும், பொறி பறக்கும், கடைசியில் இரண்டும் வெல்டிங் வைத்தது போல ஒட்டிக்கொள்ளும். பிறகு பொத்தானை விட்டாலும், பொத்தானின் ஒயரையே பிடுங்கினாலும் வின்ச் நிற்காது. கொக்கியைக் கையில் பிடித்துக் கயிற்றை டிரம்முக்குள் ஏற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நடந்தால் விரல்கள் போய்விடும். எஞ்சினை ஓடவிட்டு இழுப்பதும், பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு துண்டிப்புச் சுவிட்ச் வைப்பதும், கொக்கியை நேராகப் பிடிக்காமல் ஒரு நாடாவில் கோத்துப் பிடிப்பதும் இதற்காகத்தான். தோல் கையுறையும் கட்டாயம், முறிந்த இழை ஊசி மாதிரி ஏறும்.

நாரா, இரும்பா?

இப்போது பலர் இரும்பைக் கழற்றிவிட்டு ‘டைனீமா’ போன்ற செயற்கை நார்க் கயிறு போடுகிறார்கள். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவன ஆய்வாளர்கள் 1979-இல் கண்ட நூற்பு முறையில் வருவது. பொருள் என்னவோ நம் கேரி பேக் செய்யும் அதே பாலிஎத்திலீன்தான். மூலக்கூறு சங்கிலிகள் மிக நீளமாகவும் ஒரே திசையில் சீவி விட்டது போலவும் இருப்பதால் இரும்புக்குச் சமமாகத் தாங்குகிறது. தண்ணீரில் மிதக்கும். எடை ஆறில் ஒரு பங்கு. எடை குறைவு என்பதால் அறுந்தாலும் சாட்டை போல அடிக்கும் வலு குறைவு. ஆனால் 150 டிகிரிக்குள் உருகிவிடும், கூர்ங்கல்லில் உரசினால் அறுபடும், வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். டிரம்முக்குள்ளேயே பிரேக் இருக்கும் வின்ச்களில், பாரத்தோடு கயிற்றை இறக்கும்போது டிரம் கொதிக்கும். அங்கே இந்தக் கயிறு ஆகாது. முனையில் இரும்புக் கொக்கி இருக்கும்வரை நார்க் கயிற்றுக்கும் சாக்கு வேண்டும்.

அன்று இருபது நிமிடத்தில் ஜீப் மேட்டில் ஏறியது. அவர் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குத் தேருக்கு வைப்பது போல முட்டுக்கட்டை கொடுத்த பிறகுதான் கயிற்றைத் தளர்த்தினார். கயிற்றைக் கையுறை போட்ட கையால் தடவிப் பார்த்துக்கொண்டே சுற்றினார். சாக்கைப் பிழிந்து பானெட்டில் காயப் போட்டார்.

வழியில் எங்காவது வின்ச் போட்டு வண்டி இழுப்பதைப் பார்த்தால், கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். செல்போனில் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். கயிற்றின் மேல் சாக்கு இல்லை என்றால், ஒரு குரல் கொடுங்கள்.